அரிசிச் சாக்கு கட்டிய தெரு

பதுளைக் கடைத்தெருவைத் தேயிலை கட்டியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஸ்பிரிங்வெலியிலும் தெமோதரையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் பறித்து அரைத்த தேயிலை பசார் வீதியில் ஒருநாளும் விலை பேசப்பட்டதில்லை. பெட்டியில் அடைத்து ஆணி அறைந்துவிட்டால் அது கொழும்புக்குப் போகும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விற்கும், இல்லாவிட்டால் நேரே லண்டனுக்குக் கப்பலேறும். பதுளை அதற்கு வழியில் வந்த ஊர், அவ்வளவுதான். அந்த வீதியில் இறக்கி, அடுக்கி, அளந்து, கடன் எழுதி வைத்தது வேறொரு பொருளை. தேயிலை வெளியே போன பாதையிலேயே எதிர்த்திசையில் உள்ளே வந்த அரிசிச் சாக்குதான் அந்தத் தெருவை உண்டாக்கியது. சாக்கு வந்த வழி மாறியபோதெல்லாம் தெருவின் குணமும் மாறியிருக்கிறது.

சாக்கு வருவதற்கு முன்னும் இங்கே வாணிகம் இருந்தது. தவளம் என்கிற பொதிமாட்டுக் கூட்டங்கள் அம்பாந்தோட்டை உப்பையும், மட்டக்களப்புப் பக்கத்துக் கருவாட்டையும் சுமந்துகொண்டு பதுளையைச் சூழ்ந்த ஊவாவுக்குள் ஏறின. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் தவளப் போக்குவரத்துக்குப் பொறுப்பான முஹந்திரமாக முஸ்லிம் ஒருவரை நியமித்ததுதான் ஊவாக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றானது என்பதிலிருந்தே அந்தத் தவளப் பாதைகளின் மதிப்பு விளங்கும். பதுளை நகரில் இன்றும் நிற்கிற கல்தூண் இன்னும் பழையது. 10ஆம் நூற்றாண்டில் உதயன் என்ற மன்னன் காலத்தில் மஹியங்கனைப் பக்கத்துச் சந்தையூர் ஒன்றுக்கு வெட்டிக்கொடுத்த ஆணை அது. சொரபொர வாவிக்கு அருகில் கிடந்ததை 1857இல் ஜோன் பெய்லி என்ற உதவி அரசாங்க அதிபர் கண்டெடுத்தார். பின்னர் அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. ஊரைக் கடந்து போகிற சரக்குக்குச் சுங்கம் வாங்கக்கூடாது, அங்கே விற்கிற சரக்குக்கு மட்டுமே வாங்கலாம், அனுமதியில்லாத அளவையால் அளக்கக்கூடாது என்றெல்லாம் அதில் விதித்திருக்கிறது. சந்தைக்கான சட்டம் ஒன்று தன் சந்தையை விட்டு, ஆயிரம் ஆண்டு கழித்து வேறொரு சந்தை நகரத்தில் வந்து நின்றது தற்செயல்தான். ஆனால் கள்ளக் கொத்தை, அதாவது பொய் அளவையைப் பற்றிய கவலை அந்த ஆயிரம் ஆண்டிலும் தீரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1818இல் கிளர்ச்சியை அடக்கியபோது ஆங்கிலேயப் படை ஊவாவின் வயல்களையும் குளங்களையும் வீடுகளையும் கால்நடைகளையும் அழித்தது. தனக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைவித்த நிலம் அது. அடுத்த சில பத்தாண்டுகளில் அதன் மலைச் சரிவுகளில் கோப்பி நட்டார்கள். நடவும் பறிக்கவும் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் போட அரிசி இல்லை. ஆகவே அரிசியும் கடல் கடந்து வந்தது.

சாக்கே ஒரு வெளியூர்க்காரன். வங்காளத்தில் விளைந்த சணலை, 1855இல் கல்கத்தாவுக்கு வடக்கே ரிஷ்ராவில் தொடங்கிய முதல் ஆலையும் அதற்குப் பின் ஹூக்ளி ஆற்றின் இரு கரையிலும் எழுந்த ஆலைகளும் சாக்காக நெய்தன. உள்ளே அடைத்த அரிசி முதலில் தமிழகக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தது. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போய், ஐராவதிக் கழிமுகம் உலகத்துக்கே நெல் விளைவிக்கும் வயலானபின், வரவரப் பெரும்பங்கு ரங்கூனிலிருந்து வந்தது. கொழும்பில் அதை வாங்கிக் கைமாற்றியவர்கள் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். தோட்டத்துரைக்குச் சம்பளம் போடக் காசு வேண்டும், ஆட்களுக்குப் போட அரிசி வேண்டும். இரண்டையும் கடனாகக் கொடுத்தவர்கள் அவர்களே. பதுளைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீட்டில், கொதித்த ஓர் உலைக்குப் பின்னால் வங்காளச் சணலும் பர்மா நெல்லும் காரைக்குடிப் பக்கத்துப் பணமும் இருந்தன.

கொழும்பிலிருந்து பதுளைக்கு மாட்டுவண்டி. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை, அப்புத்தளை. அங்கே கணவாயைக் கடந்து பண்டாரவளை வழியாக இறங்கினால் பதுளை. ஏறும்போது அரிசி, இறங்கும்போது கோப்பி. ஆறு பெருகினால் வண்டி நிற்கும். மாட்டுக்கு நோய் கண்டால் வண்டியே இல்லை. வண்டி நின்றால் அரிசி விலை ஏறும், தோட்டத்தில் பங்கு குறையும். மாடு அவிழ்த்துக் கட்டிய இடங்களில் கடைகள் முளைத்தன. ஹல்துமுல்லையும் அப்புத்தளையும் அப்படித்தான் ஊராயின. பாதை முடிகிற இடமாக இருந்ததால் பதுளையில் கிட்டங்கிகள் எழுந்தன. அங்கிருந்து பசறை, மடுல்சீமை, லுணுகலை என்று மலைக்குள் சாக்கைத் தலையிலும் தோளிலும் ஆட்களே சுமந்தார்கள்.

1869இல் இலைத்துரு நோய் கண்டது. 1880களில் கோப்பி விழுந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்களோடு அரிசிக் கடன் கொடுத்தவர்களும் மூழ்கினார்கள். இந்த இடத்தைப் பலரும் கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கடைத்தெருவின் கதையில் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது. கோப்பி பருவப் பயிர். பறிப்புக் காலத்தில் ஆள் வரும், முடிந்ததும் கணிசமானோர் ஊர் திரும்புவார்கள். அவர்களை நம்பிய கடையும் பருவத்தோடு ஏறி இறங்கும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் லயங்களில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். அப்போது அரிசியும் பன்னிரண்டு மாதமும் வந்தாக வேண்டும். அந்த நிரந்தரப் பசியின் மேல்தான் பதுளையின் நிரந்தரக் கடைகள் நின்றன. 1886இல் ஊவா தனி மாகாணமானது, பதுளை அதன் தலைநகரானது. அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரி வந்தது. வெலேகடையில் எண்கோண வடிவத்தில் சந்தைக் கட்டடம் கட்டினார்கள். அது இன்று பழைமைச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

இரும்புப் பாதை மட்டும் வரவே மாட்டேன் என்றது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை 1894இல் பண்டாரவளைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த முப்பது ஆண்டும் பதுளைச் சாக்கு பண்டாரவளையில் இறங்கி வண்டி மாறியது. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே பாதை சட்டென்று இறங்க வேண்டும். அதற்காகத்தான் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. தெமோதரையில் பாதை ஒரு குன்றைச் சுற்றி இறங்கிவந்து, தான் விட்டுவந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. இன்று உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து அந்தப் பாலத்தில் நின்று படம் பிடிக்கிறார்கள். அதன் மேல் போன சுமையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1924 ஏப்ரல் 5ஆம் திகதி பதுளை ஸ்டேஷன் திறந்தது. கொழும்பிலிருந்து வரும் ஒரு சாக்கு கடல் மட்டத்தில் புறப்பட்டு, பட்டிப்பொளையில் 6,200 அடியைத் தொட்டு, பிறகு 4,000 அடி இறங்கிப் பதுளைக்கு வந்தது. கடைத்தெருவுக்கு இனி இரண்டு வாசல். ஒன்று பண்டாரவளை ரோட்டு, மற்றது கோச்சி நிற்கிற இடம்.

தோட்டத்துக்குள் சாக்கு அவிழ்ந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும், அங்கேதான் கதையின் அடர்த்தி. அரிசி போடுகிற நாள் என்று ஒன்று உண்டு. ஸ்டோர் வாசலில் பெண்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை பேர் வாசிக்க, கொத்தால் அளந்து கொட்டுவார்கள். கொத்தின் தலையை வழிப்பதிலும் கொட்டும்போது கையை ஆட்டுவதிலும் எத்தனை குடும்பத்து ஒருநாள் சோறு போயிருக்கும். ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணி தானே கடை வைத்திருந்த தோட்டங்களில் அரிசியும் கடனும் ஒரே ஆளின் கையில். சம்பளத்தில் பிடித்துக்கொண்டது போக மிஞ்சியதே காசு. பிரித்தானிய இந்திய அரசு அழுத்திக் கேட்டபின் வந்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலியை வகுத்தது. அதே ஏற்பாட்டில் அரிசியையும் ஒரு குறித்த விலைக்குமேல் போகாமல் தோட்டமே கொடுக்க வேண்டும் என்றும் வகுத்தது. கூலியும் அரிசியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கமாயின. 1930களின் உலக மந்தத்தில் கூலியைக் குறைத்தபோது அரிசி விலையையும் சேர்த்துக் குறைத்தே சமாளித்தார்கள்.

அரிசி தீர்ந்த சாக்குக்கு அதன்பிறகுதான் நீண்ட ஆயுள். காம்பரா என்ற லயத்து அறைக்குள் இரண்டு குடும்பத்தைப் பிரிக்கும் மறைப்பு. முன் விறாந்தையான இஸ்தோப்பில் குளிர் புகாமல் தொங்கும் படுதா. கிழவர்களுக்குப் படுக்கை. மழையில் தலையில் கவிழ்க்கும் கொங்காணி. கொழுந்துச் செடி கீறாமல் இடுப்பில் சுற்றும் படங்கு. ஊவாவில் யூலை முதல் செப்ரெம்பர் வரை அடிக்கிற வறண்ட காற்றில் தேயிலைக்குத் தனி மணம் ஏறும் என்று லண்டன் வணிகர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். அதே காற்றை லயத்து வாசலில் தடுத்தது இந்தச் சாக்குதான்.

தோட்டம் அரிசி போட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் டவுன். சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை பசார் வீதி தோட்டத்து ஆட்களின் வீதியாகிவிடும். கருவாடு, கொத்தமல்லி, மிளகாய், வெற்றிலை, புகையிலை, கம்பளி, தீபாவளிக்குத் துணி. தமிழகத்திலிருந்து வந்த வணிகர்களும் முஸ்லிம் வியாபாரிகளும் சிங்களக் கடைக்காரர்களும் அடுத்தடுத்து இருந்தார்கள். தோட்டத்தின் வேலைப் பதிவான செக்ரோலில் வெறும் பேராக இருந்தவர் இங்கே கடன் எழுதத் தகுந்த ஒரு வாடிக்கையாளர். முதலாளி “வாங்க” என்று கூப்பிடுகிற ஒரே இடம் அவருக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும். துரையின் காதுக்கு எட்டாமல் இரண்டு தோட்டத்து ஆட்கள் சந்தித்துப் பேசவும் அதுவே இடம். 1940 மே மாதம் வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் தடையை மீறிப் பதுளையில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடியது திடீரென்று நடந்ததல்ல. அந்த நகரத்தில் ஒன்றுகூட அவர்கள் ஞாயிறுதோறும் பழகியிருந்தார்கள்.

1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் பங்கீட்டுக் கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. சோறு தின்ற மலைநாடு ரொட்டிக்குப் பழகியது அப்போதுதான். இன்றும் தோட்டத்துக் காலைச் சாப்பாடு ரொட்டியும் கட்டச் சம்பலும். அது பரம்பரை உணவு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, அவர்களின் பூட்டன் காலத்தில் வந்த ஒரு போர்ப் பஞ்சத்தின் மிச்சம் அது என்று யாராவது சொல்ல வேண்டும். கூப்பன் கடைத்தெருவையும் மாற்றியது. வியாபாரி இனி அரசு கொடுத்ததை அளந்து கொடுப்பவர். கடனும் தவணையும் பேரமும் ஓரளவு கழன்றன.

அடுத்த அடி சட்டத்திலிருந்து வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில் கடைக்காரர்களுக்கும் தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒரு கடதாசி தேவைப்பட்டது, பணம் ஊருக்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சாக்கை இறக்குமதி செய்தவர்களும் விற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களையும் பங்கு பிரித்தார்கள். பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். போகிறவரும் நிற்கிறவரும் கதறியதில் அந்த வண்டிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வந்தது. பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டது எதில் என்று நினைக்கிறீர்கள்? சாக்கில்தான். அரிசியோடு உள்ளே வந்தது, சனத்தோடு வெளியே போனது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலை மலையில்தான் அவர்களில் பலர் இறங்கினார்கள்.

1973, 74ஆம் ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, பங்கீடு வெட்டப்பட்டது, தனியார் அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லத் தடை வந்தது. கிராமத்தில் ஒருவருக்கு ஒரு துண்டு வயலோ நாலு பலா மரமோ இருக்கும். லயத்தில் இருந்தவருக்கு நிலம் இல்லை, வாங்கவே வேண்டும், வாங்க அரிசி இல்லை. தோட்டங்களின் இறப்பு விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகு உயரத்துக்குப் போனது. குப்பைமேட்டில் தேடித் தின்றவர்களையும் நகர வீதிகளில் கையேந்தியவர்களையும் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சாக்கு வராவிட்டால் என்ன நடக்கும் என்று அந்த வீதி அன்று கண்டது. தேயிலை அப்போதும் தவறாமல் கொழும்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலத்து வாழ்வைக் கதையாக்கியவர்களில் முக்கியமானவர் ஊவா மண்ணில் பிறந்து, தாம் வேலைபார்த்த தோட்டத்தின் பெயரையே தமக்கு வைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப். 1979இல் ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பு வந்தது. பசியையும் வழியனுப்புதலையும் கணக்காக இல்லாமல் மனிதர்களாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அவரைத்தான் படிக்க வேண்டும்.

1983 யூலை 27, புதன்கிழமை. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது, பதுளை அதுவரை அமைதியாக இருந்தது. காலை பத்தரை மணியளவில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கொளுத்தினார்கள். நண்பகலில் கும்பல் கடைவீதிக்குள் இறங்கி, கடை கடையாகத் தீ வைத்தது. பிறகு வீடுகள். பறித்த வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலிஎலைக்கும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் போனார்கள். இரவுக்குள் லுணுகலை. நூறு வருடம் சாக்கு சென்ற அதே ரோட்டுகளில் ஒரே நாளில் நெருப்பு போனது. கடையோடு பேரேடுகளும் போயின. எந்தத் தோட்டத்தில் யார் வீட்டுக் கலியாணத்துக்கு எத்தனை புசல் அரிசி கடனாகப் போனது, அதை எத்தனை மாதத்தில் தீர்த்தார்கள் என்று எழுதிவைத்த கணக்கு அது. தோட்ட ஆபீஸின் செக்ரோலில் வேலை மட்டும்தான் இருக்கும். கடைப் பேரேட்டில் அவர்களின் நல்லது கெட்டதெல்லாம் இருந்தது. எரிந்த கடைகளில் சில மீண்டும் எழுந்தன, சிலவற்றின் உரிமையாளர்கள் திரும்பி வரவேயில்லை. தப்பிய பேரேடு எங்காவது ஒரு பரணில் இருந்தால் அதை நிறுவைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பதுளையின் புனித மாற்கு ஆலயத்தைப் பற்றியும், யானை வேட்டைக்கார மேஜர் ரோஜர்ஸைப் பற்றியும் படிக்க ஏராளம் இருக்கிறது. அந்தத் தெருவில் அரிசி வாங்கியவர்களைப் பற்றிப் படிக்க இப்படிப்பட்ட கடதாசிகளைத் தவிர வேறு அதிகம் இல்லை.

அதற்குப் பிறகு சாக்கும் மாறிவிட்டது. சணல் போய் பிளாஸ்டிக் இழை வந்தது. அதைப் படங்காகவும் கட்டுகிறார்கள், ஆனால் அது சணலைப் போல் குளிரைத் தாங்காது. கலவரத்துக்கு முன்பே, 1977இல் பொருளாதாரம் திறந்திருந்தது, இரண்டு வருடத்தில் பங்கீட்டு முறை போய் உணவு முத்திரை வந்திருந்தது. கோதுமை மா திருகோணமலையில் பிரிமா ஆலையிலிருந்து வருகிறது. 1992இல், அரசிடம் இருந்த தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. தோட்டக் கூட்டுறவுக் கடையில் மா வாங்கிச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் மட்டும் பல இடங்களில் நிற்கவில்லை. 2021இல் நீண்ட போராட்டத்துக்குப்பின் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறி அந்த வெற்றியைக் கரைத்தது.

பெரிய மாற்றம் திசையில் நடந்தது. மகாவலித் திட்டத்தில் 1980களில் மஹியங்கனைப் பக்கம் புது வயல்கள் விளையத் தொடங்கின. அதோடு அம்பாறை அரிசியும் சேர்ந்துகொண்டது. இன்று ஊவாவுக்கு வரும் அரிசியில் பெரும்பங்கு கிழக்கிலிருந்து லொறியில் ஏறுகிறது. ஏறத்தாழ பழைய தவளங்கள் வந்த பக்கம். கொழும்பும் கோச்சியும் அதற்குத் தேவையில்லை. பிபிலைப் பாதையில் வரும் லொறி முதலில் லுணுகலையில் நிற்கும், அடுத்து பசறையில். பதுளை அதற்குக் கடைசி. மலைக்குள் அரிசியைப் பிரித்துக் கொடுக்கிற ஊர் என்ற பதவி பதுளையிடமிருந்து இப்படித்தான் நழுவியது. பசார் வீதியில் கிட்டங்கிகள் குறைந்து, கைத்தொலைபேசிக் கடையும் நகைக் கடையும் ஆயத்த ஆடைக் கடையும் வந்துவிட்டன. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களில் லயத்தில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்தோ, மத்திய கிழக்கில் தாயோ அக்காவோ உழைத்து அனுப்பியதிலோ முதல் போட்டவர்கள். பசறைத் தோட்டத்து ஆள் இப்போது அரிசிக்காகப் பதுளைக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறார், கச்சேரிக்கு வருகிறார், மகளை ரியூஷன் வகுப்பில் விட வருகிறார். வகுப்பு முடியும் வரை தாய் பசார் வீதியில் விலை கேட்டுக்கொண்டே நடக்கிறார்.